பிஸ்பீனால் ஏ-யும் ஆய்வக எலிகளில் ஆக்சிஜனேற்ற அழுத்தமும்: கட்டுப்பாட்டுக் குழுவை முன்வைத்து

பாலிகார்பனேட் நெகிழிக்கும், உணவு அடைக்கும் தகரக் குவளைகளின் உட்பூச்சான எப்பாக்சிப் பிசினுக்கும் மூலப்பொருளாக விளங்குவது பிஸ்பீனால் ஏ. இச்சேர்மத்தின் ஈஸ்ட்ரோஜன் ஒத்த செயல் 1936ஆம் ஆண்டிலேயே அறியப்பட்டது. எனவே இது நெடுங்காலம் இயக்குநீர்ச் சீர்குலைப்பானாகவே ஆராயப்பட்டது. ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்னும் கோணம் பின்னர் வந்ததாகும்.

உடலுள் புகும் பிஸ்பீனால் ஏ-யின் பெரும்பகுதி கல்லீரலில் குளுக்குரோனிக் அமிலத்துடன் இணைந்து செயலிழக்கிறது. எஞ்சும் சிறுபகுதி சைட்டோகுரோம் பி450 நொதிகளால் கேட்டகாலாகவும், அதிலிருந்து குயினோனாகவும் மாறக்கூடியது. குயினோன் குளுட்டாதயோனுடன் பிணைந்து அதன் இருப்பைக் குறைக்கிறது. மாறிமாறி ஒடுக்கமும் ஆக்சிஜனேற்றமும் அடைகையில் சூப்பர் ஆக்சைடைத் தோற்றுவிக்கிறது. எலிகளில் குளுக்குரோனைடு பித்தநீர் வழியே குடலை அடைந்து, அங்குப் பிரிந்து, மீண்டும் உறிஞ்சப்படுகிறது. மனிதரில் அது பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறுவதால், எலி முடிவுகளை மனிதருக்கு அப்படியே பொருத்த இயலாது.

புதுச்சேரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் முதன்மையானது. ஆண் எலிகளுக்கு நாளொன்றுக்கு உடல் எடையின் ஒரு கிலோகிராமுக்கு 0.2, 2, 20 மைக்ரோகிராம் என்னும் அளவுகளில் 45 நாட்கள் இச்சேர்மம் கொடுக்கப்பட்டது. விந்தணுக்களில் சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ் முதலிய நொதிகளின் செயல்பாடு குறைந்தது; ஹைட்ரஜன் பெராக்சைடும் கொழுப்புப் பெராக்சிடேற்றமும் உயர்ந்தன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வகுத்த மேற்கோள் அளவு 50 மைக்ரோகிராம். மூன்று அளவுகளும் அதற்குக் கீழானவை.

எனினும் நொதியின் ஏற்றத்தாழ்வு ஒன்றே சான்றாகாது. அழுத்தத்தின் தொடக்கத்தில் தற்காப்பாக அதே நொதி உயர்வதும் உண்டு. பெராக்சிடேற்றத்தை அளக்கப் பரவலாகப் பயன்படும் தயோபார்பிட்யூரிக் அமிலமும் மலோன்டைஆல்டிகைடுடன் மட்டும் வினைபுரிவதில்லை.

இதனினும் அடிப்படையான சிக்கல் கூண்டில் உள்ளது. 1998இல் பாட்ரிசியா ஹன்ட் ஆய்வகத்தில், எதுவும் கொடுக்கப்படாத கட்டுப்பாட்டுச் சுண்டெலிகளின் கருமுட்டைகளில் குரோமோசோம் பிறழ்வுகள் திடீரெனப் பெருகின. பொருந்தாத சலவைப்பொருளால் சிதைந்த பாலிகார்பனேட் கூண்டுகளும் நீர்ப்புட்டிகளுமே காரணம். கசிந்தது பிஸ்பீனால் ஏ. மாற்றாக வந்த பாலிசல்போன் கூண்டுகள் சேதமுற்றபோது பிஸ்பீனால் எஸ் கசிந்ததை அதே குழு 2018இல் பதிவுசெய்தது.

கட்டுப்பாட்டுக் குழுவே மாசுற்றால் இரு குழுக்களின் வேறுபாடு சுருங்கி, குறைந்த அளவு தீங்கற்றது என்ற பொய் முடிவு தோன்றும். ஆகவே கூண்டு, புட்டி ஆகியவற்றின் பொருள், கழுவும் முறை, தீவனத்திலுள்ள சோயாவின் அளவு ஆகியவற்றை ஆய்வுமுறைப் பகுதியில் குறிப்பிடுவதும், கட்டுப்பாட்டு விலங்குகளின் குருதியிலும் பிஸ்பீனால் ஏ-யை அளந்து தருவதும் இன்றியமையாதவை.