பாழ்ங்கிணற்று நீரைத் திருத்திய வகை

தென்பெண்ணையும் கெடிலமும் பாயும் கடலூர் நாட்டில், அண்ணாகிராமத்தில் எம் தந்தையார் சென்ற ஆண்டு பழைய வீடொன்றை விலைக்கு வாங்கினார். வீட்டோடு ஒரு கிணறும் வந்தது. பல்லாண்டு இறைப்பாரின்றிக் கிடந்தமையால் அதன் நீரில் பாசி படர்ந்து, இலைகள் மக்கி நாறின. எம் வீட்டிற் கைக்குழந்தை ஒன்றுண்டு. ஆதலின் அந்நீரைத் திருத்தாது குடியேறுதல் இயலாதாயிற்று. அம்முயற்சியில் யாங்கள் செய்த பிழையை ஈண்டு மறையாது எழுதுகின்றோம்.

கிணற்றின் குறுக்களவு 2 மீட்டர். நீரின் ஆழம் 3 மீட்டர். கணக்கிட்டால் ஏறத்தாழ 9,420 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் என்னும் பொதுவிதிப்படி 24 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினோம். மறுநாள் பாசி பாசியாகவே இருந்தது. குளோரின் மணம் சிறிதுமில்லை. தூளைப் பழித்தோம். அதிலும் ஓரளவு நியாயமுண்டு. புதிய தூளில் நூற்றுக்கு 33 பங்கு வரை குளோரின் இருக்கும். காற்றும் ஈரமும் பட்டால் அது குறைந்துபோம். யாங்கள் வாங்கியதோ வாய் திறந்து கிடந்த மூட்டையினின்று. எனினும் தலையாய பிழை எம்முடையதே. குளோரின் கிருமியை மட்டுந் தேடிச் செல்வதன்று. மக்கிய இலை, பாசி, சேறு ஆகிய அனைத்தோடும் வினைபுரிந்து தன்னைச் செலவிட்டுவிடும். அச்செலவு போக எஞ்சுவதே நமக்குக் காவல். அழுக்கை அகற்றாமல் மருந்திடுதல் ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதாகும்.

ஆகவே மோட்டார் வைத்து முழுதும் இறைத்துத் தூர் வாரினோம். பாழ்ங்கிணற்றில் இறங்குதல் உயிரோடு விளையாடுதலே. விளக்கை இறக்கிப் பார்க்கும் பழவழக்கம் உண்டு, அணைந்தால் இறங்கலாகாது. அணையாவிடினும் நச்சுக்காற்று இல்லையென்று துணிதற்கில்லை. ஆதலின் இறங்குதற்கு முன் நெடுநேரம் காற்றைச் செலுத்தினோம்; இறங்கியவர் இடையிற் கட்டிய கயிற்றை மேலிருந்தோர் விடவேயில்லை.

புதிய ஊற்று நீர் கலங்கலாயிருந்தது. இரண்டு நாளிற் படிந்து தெளிந்தது. குடத்தின் உட்புறத்தே தேற்றாங்கொட்டையை இழைத்துக் கலங்கலைத் தெளிவித்த நம் முன்னோர் அறிவு வியக்கத்தக்கதே. ஆயினும் தெளிவு வேறு, தூய்மை வேறு. கண்ணுக்குத் தெளிந்த நீரிற் கிருமி இருத்தல் கூடும்.

இம்முறை அளவை ஊகிக்கவில்லை. முதல் உலகப்போர்க் காலத்துப் படைமருத்துவர் ஹாராக்ஸ் என்பவர் பெயரால் வழங்கும் கருவியைச் சுகாதார ஆய்வாளர் கொணர்ந்தார். ஆறு வெள்ளைக் கிண்ணங்களிற் கிணற்று நீரை நிரப்பி, மருந்துக் கரைசலை முறையே ஒரு துளி முதல் ஆறு துளி வரை விட்டு, அரைமணி கழித்துச் சோதனைத் திரவம் சேர்த்தால், குளோரின் எஞ்சிய கிண்ணம் நீலமாகும். இரண்டாங் கிண்ணம் முதலாக நீலம் தோன்றிற்று. அஃதாவது 455 லிட்டருக்கு 4 கிராம். எம் கிணற்றுக்கு ஏறக்குறைய 83 கிராம். முன்னிட்டதினும் மும்மடங்குக்கு மேல், அதுவும் தூர் வாரிய பின்னர்!

தூளை வாளியிற் குழைத்துக் கரைத்துப் படியவிட்டு, மேல்நீரை மட்டும் வேறு வாளியிற் கொண்டு, இரவில் கிணற்று நீருக்குள் இறக்கி மேலுங்கீழும் அசைத்துக் கலந்தோம். அடியிற் படியும் சுண்ணாம்பைச் சேர்த்தால் நீர் கடினமாகும், காரமும் ஏறும். பி.எச். எண் 7.5 ஆயின் குளோரினில் ஏறத்தாழப் பாதியே வலிய வடிவில் நிற்கும், 8.5 ஆயின் பத்திலொரு பங்களவே. பட்டணத்து நீச்சற்குளங்களில் இவ்வெண்ணை நாடோறும் அளப்பது இதனாலேயே.

காலையிற் சோதித்தபோது லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருந்தது. முதற்குடம் மொண்ட எம் பாட்டியார் மருந்து வாடையென்று முகஞ் சுளித்தார். குழந்தைக்கு மட்டும் இன்றும் காய்ச்சிய நீரே கொடுக்கின்றோம்.