தைத்து ஓய்ந்தவர்களுக்கு எங்கே இடம்?

திருப்பூரை உழைக்கும் இளைஞர்களின் ஊராகவே பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் 1980களிலும் 90களிலும் பனியன் ஏற்றுமதி பெருகியபோது மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கங்களிலிருந்து வந்து செக்கிங், கைமடி, தையல் வேலைகளில் சேர்ந்தவர்களில் பலருக்கு இன்று அறுபது வயதாகிவிட்டது. தமிழ்நாட்டு மக்களில் 60 வயதைக் கடந்தவர்கள் 2021-இல் 13.6 சதவீதம் என்றும், 2031-இல் 18.2 சதவீதம் ஆவார்கள் என்றும் மத்திய அரசின் கணிப்பு சொல்கிறது. பீஸ் ரேட்டில் வாழ்ந்தவருக்குப் பார்வை மங்கினாலே வருமானம் குறைந்துவிடும், வாடகை குறையாது. பி.எஃப். ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டு சந்தா வேண்டும். கம்பெனி மாறி மாறி உழைத்தவர்களில் பலருக்கு அந்தக் கணக்கு முழுமையாக இருப்பதில்லை. இருந்தாலும், குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 முதல் மாதம் 1,000 ரூபாய்தான். அரசின் முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய். இதை வைத்து லைன் வீட்டில் ஓர் அறைக்கு வாடகை கொடுத்துவிட்டு மாதத்தை ஓட்ட முடியாது.

ஆகவே இவர்களுக்குக் குறைந்த வாடகையில் அரசே வீடு தரவேண்டும் என்பதில் அதிகம் பேர் மாறுபடமாட்டார்கள். எந்த நிலத்தில் என்று கேட்டால்தான் பேச்சு தடுமாறுகிறது. மலிவாகக் கிடைக்கும் என்று ஊருக்கு வெளியே தோட்டத்து நிலத்தைத் தேடுவது வழக்கமாகிவிட்டது. மூட்டுவலியோடு இரண்டு பஸ் மாறி தாராபுரம் சாலை அரசு மருத்துவமனைக்குப் போகவேண்டியவருக்கு அந்த மலிவு பயன்படாது. நகருக்குள்ளேயே, தொழில் உபயோகம் என்று முழுமைத் திட்டத்தில் குறிக்கப்பட்டு, தொழில் எதுவும் நடக்காமல் கிடக்கும் சிறு மனைகளை நில உபயோக மாற்றம் செய்து இதற்கு ஒதுக்குவதே சரி. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது.

தொழில் நிலத்தில் கைவைத்தால் பனியன் தொழில் என்னாகும் என்ற கேள்வி நியாயமானது. ஓடுகிற கம்பெனியின் இடத்தை யாரும் கேட்கவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகள் மூடப்பட்டன. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத சுத்திகரிப்புக்குச் செலவிட முடியாமல் பல சிறு ஆலைகள் மீளவே இல்லை. அப்படி நின்றுபோன இடங்களிலிருந்துதான் தேடலைத் தொடங்கவேண்டும். தொழிற்பகுதியில் குடியிருப்பு கூடாது என்பதும் நிலைக்காத வாதம்: 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பை சிப்காட் தொழிற்பூங்காவிலேயே அரசு திறந்தது. உழைக்கும் வயதில் கிடைக்கிற இடம், உழைத்து முடித்தபின் மட்டும் ஏன் கிடைக்காது? ஆனால் சாயப்பட்டறை இருந்த மண்ணையும் போர் தண்ணீரையும் சோதிக்காமல் ஒரு செங்கல்லும் வைக்கக்கூடாது. 1992-இல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியானதை நொய்யல் ஆற்றங்கரைக்காரர்கள் மறக்கமாட்டார்கள்.

இதைவிட எனக்குக் கனமாகத் தோன்றும் ஆட்சேபம் வேறு. முதியோர் பெயரைச் சொல்லி மாற்றம் வாங்கி, பிறகு அடுக்குமாடி கட்டி விற்றுவிடுவார்கள் என்ற பயம். கோவையின் புறநகரில் பெருகியுள்ள முதியோர் குடியிருப்புகள் வசதியுள்ளவர்களுக்கானவை என்பதால் அந்தப் பயத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. நிலம் அரசிடமோ மாநகராட்சியிடமோ இருக்கவேண்டும், கட்டுபவருக்குக் குத்தகை மட்டுமே, நோக்கம் மாறினால் ஒதுக்கீடு ரத்து என்று உத்தரவிலேயே எழுதவேண்டும்.

பெற்றோரைப் பிள்ளைகள்தானே பார்க்கவேண்டும் என்பார்கள். அந்தப் பிள்ளையும் மனைவி மக்களோடு ஒற்றை அறையில்தான் இருக்கிறார். பக்கத்துத் தெருவில் அம்மாவுக்கு ஒரு வீடு கிடைத்தால் உறவு அறுந்துவிடாது, தினமும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்க முடியும். மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லமாவது, அதில் ஆதரவற்ற 150 பேருக்கு இடம் என்று 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. அது கைவிடப்பட்டவர்களுக்கான ஏற்பாடு. நாம் பேசுவது சாவியைத் தன் கையில் வைத்திருக்கும் வாடகைதாரரைப் பற்றி.

நில உபயோக மாற்றத்துக்குப் பத்திரிகையில் அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபம் கேட்கிறார்கள். அதைத் தேடிப் படிப்பவர் பெரும்பாலும் பக்கத்து நிலத்தின் சொந்தக்காரர். பட்டா இல்லாத லைன் வீட்டுக்காரரும் கருத்துச் சொல்லவேண்டுமென்றால், அந்த அறிவிப்பை ரேஷன் கடையிலும் பஸ் நிலையத்திலும் படிக்கும் அளவு எழுத்தில் ஒட்டவேண்டும். விசாரணையை ஞாயிற்றுக்கிழமை வைக்கவேண்டும்.