இலவசம் என்றால் இளக்காரமா?

நான் திருவொற்றியூரில் குடியிருப்பவள். வீட்டு வேலை முடித்து, பத்து மணிக்கு ராயபுரத்தில் உள்ள ஒரு கன்டெய்னர் லாரி ஆபீசுக்குக் கணக்கு எழுதப் போகிறேன். டிரிப் ஷீட், டீசல், டிரைவர் படி எல்லாம் என் பொறுப்பு.

ஆபீசில் நாலு பழைய கம்ப்யூட்டர். 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. விண்டோஸ் 11-ஐ எங்கள் பழைய மெஷின்கள் ஏற்காது. "நாலும் புதுசா வாங்கணும்னா ஒரு ஆளைக் குறைக்கணும்மா" என்றார் முதலாளி. கடைசியாகச் சேர்ந்தவள் நான்தான். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் மகள்தான், "லினக்ஸ் போடலாம்மா. பிளஸ் டூவில் கவர்மென்ட் கொடுத்த லேப்டாப்பிலேயே இருந்துச்சே" என்றாள். விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் அதில் இருந்ததாம். நம்ம சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கி, 2007 முதல் வருகிறதாம். வீட்டிலேயே கிடந்ததை நாங்கள் தொட்டதில்லை!

"ஓசியில் கொடுப்பது உருப்படியா இருக்குமா?" என்றேன். அவள் சொன்ன விளக்கத்தை நான் ரவிக்கை கணக்கில் புரிந்துகொண்டேன். ரெடிமேட் ரவிக்கையை அப்படியே போட்டுக்கொள்ள வேண்டியதுதான். வெட்டின பேப்பர் அளவு கிடைத்தால், கையை நீட்டலாம், கழுத்தை இறக்கலாம், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம். லினக்ஸின் அளவு பேப்பரை எல்லோர் பார்வைக்கும் வைத்திருக்கிறார்கள். பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் 1991-ல் ஆரம்பித்தது. பிறகு உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து தைத்தது. கேரளத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல வருஷமாக இதில்தான் படிக்கிறார்கள்.

முதலாளி அரை மனதோடு, "ரெண்டு மெஷின்ல போட்டுப் பாரு" என்றார். மகள் ஞாயிற்றுக்கிழமை வந்து 'லினக்ஸ் மின்ட்' போட்டாள். எக்ஸெலுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ் கால்க். (பழைய எக்ஸெல் யாரோ போட்டுக் கொடுத்தது. பில் கேட்டால் எங்களிடம் கிடையாது.)

உடனே எல்லாம் சுகமாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். எழுத்துரு மாறியதால் ஒரு பக்க பில் இரண்டாம் பக்கத்துக்கு வழிந்தது. பழைய தமிழ்க் கடிதங்களைத் திறந்தால் இங்கிலீஷ் எழுத்தாகக் கொட்டியது. யூனிகோடுக்கு மாற்றிய பிறகே படிக்க முடிந்தது. டாலி லினக்ஸில் நேராக ஓடாது என்பதால், அதற்காக ஒரே ஒரு புது மெஷின் மட்டும் வாங்கினோம்.

பெரிய சோதனை முதல் சனிக்கிழமை. டிரைவர் படி கூட்டித் தரும் பட்டன் வேலை செய்யவே இல்லை. எக்ஸெலில் யாரோ எழுதி வைத்த மேக்ரோவாம், இங்கே ஒத்துவரவில்லை. வாசலில் டிரைவர்கள் நிற்கிறார்கள். "இன்னாம்மா, காசு உண்டா இல்லியா?" என்று ஒருவர் கத்த, எனக்குக் கை நடுங்கியது. நோட்டை எடுத்துக் கையால் கூட்டி, ராத்திரி எட்டரைக்குக் கடைசி ஆளுக்குக் கொடுத்தேன்.

அந்த வீம்பில், சமையல் முடிந்த பிறகு தினமும் ஒரு மணி நேரம் மகளிடம் ஃபார்முலா கற்றேன். இரண்டு வாரத்தில் படிக் கணக்கு ஷீட்டை நானே போட்டேன். அதுவரை பட்டனை அமுக்கத்தான் தெரியும். கணக்கு எப்படி வருகிறது என்று தெரியாது. இப்போது மூன்று பழைய மெஷினும் லினக்ஸில் ஓடுகின்றன. ஆள் குறைப்புப் பேச்சை முதலாளி அப்புறம் எடுக்கவில்லை.

போன வாரம் அன்று கத்திய அதே டிரைவர் அண்ணன், பையனுக்காக ஒரு பென் டிரைவை நீட்டினார். "காப்பி அடிச்சா கேஸாகாதாம்மா?"

"இதுக்கு ஆகாதுண்ணா" என்று போட்டுக் கொடுத்தேன்.

- ஒரு வாசகி, திருவொற்றியூர்