இரண்டாம் எழுத்தைக் காணோம்

தில்லி லோதி ரோட்டில் நேரு ஸ்டேடியம் மெட்ரோவை ஒட்டி சி.ஜி.ஓ. காம்ப்ளெக்ஸ். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை அங்கேதான் இருக்கிறது. பத்தாயிரம் இந்தியர்களின் டி.என்.ஏ.வைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டம் இந்தத் துறையுடையது. ரத்தப் புற்றுநோய்க்கு உள்நாட்டில் உருவான முதல் கார்-டி சிகிச்சையின் பரிசோதனைக்கும் இத்துறை கைகொடுத்தது.

மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா மெமோரியலும் உருவாக்கிய அந்த நெக்ஸ்கார்19-க்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. நோயாளியின் ரத்தத்திலிருந்து நோயெதிர்ப்பு டி செல்களை எடுத்து, அவற்றுக்கு ஒரு கொக்கி மாட்டித் திரும்ப ஏற்றுவார்கள். புற்றான பி செல்களின் மேலுறையில் நிற்கும் சிடி19 புரதத்தைப் பிடிக்கத்தான் அந்தக் கொக்கி. சிடி19, பி செல் ஏற்பியின் கூட்டாளி. ஏற்பி வாங்கிய சேதியை உள்ளே உரக்கச் சொல்வது அதன் வேலை.

கார்-டிக்குப் பிறகும் சிலருக்கு நோய் திரும்புகிறது. ஏன்?

மரபணுவில் வேண்டிய துண்டுகளுக்கு நடுவே வேண்டாத நீளங்கள் கிடக்கும். வேண்டியவை எக்ஸான்கள். ஆர்.என்.ஏ.வாக நகலெடுத்த பிறகு, வேண்டாதவற்றை வெட்டியெறிந்து எக்ஸான்களை ஒட்டுகிறது செல். 1977இல் இதைக் கண்டுபிடித்த ஷார்ப்புக்கும் ராபர்ட்ஸுக்கும் 1993இல் நோபல் கிடைத்தது. ஒட்டும்போது ஓர் எக்ஸானையும் சேர்த்துத் தாண்டிவிட்டால்? வார இதழ்ச் சொற்புதிர்தான்: 'கடலை'யில் இரண்டாம் எழுத்தை எடுத்தால் 'கலை'. சொல் சிதையவில்லை, ஆனால் கொறிக்க முடியாது.

இந்தத் தாண்டல் எப்போதும் கோளாறு அல்ல. மூளையில் டோபமைன் டி2 ஏற்பி இப்படித்தான் இரண்டு வடிவங்களில் வருகிறது. வித்தியாசம் 29 அமினோ அமிலங்கள். நீண்டது பெரும்பாலும் சேதி வாங்கும் நரம்புச் செல்லில் இருக்கும். குட்டையானது டோபமைனை விடும் செல்லிலேயே நின்று, போதும் என்று கை காட்டும்.

சொற்புதிரைப் போலவே சிடி19இல் தாண்டப்பட்டதும் இரண்டாவதுதான், இரண்டாம் எக்ஸான். கார்-டிக்குப் பின் நோய் திரும்பிய சில குழந்தைகளிடம் இதை 2015இல் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள் கண்டார்கள். (மரபணுவே பிறழ்ந்தவர்களும் இருந்தார்கள்.) குட்டையான சிடி19 மேலுறைக்கு வந்து சேர்வதே குறைவு. வந்தாலும் கொக்கி மாட்டும் இடம் அதில் இல்லை. ஆனால் செல் பெருகத் தேவையான சைகையை மட்டும் ஓரளவு தந்துவிடுகிறது. கெட்டிக்காரத்தனம்தான்! மரபணு அழியாமல் இருக்கும்போது டி.என்.ஏ.வை மட்டும் படித்தால் இந்த வேலை பிடிபடாது, ஆர்.என்.ஏ.வையும் பார்க்க வேண்டும்.

சரி, சிடி22 என்ற இன்னொரு புரதத்தைக் குறிவைப்போம் என்று கிளம்பினார்கள். அதன் ஆர்.என்.ஏ.விலும் எக்ஸான்கள் தாண்டப்படுவது 2022இல் தெரியவந்தது.