தாளம் தவறியது யாரால்?

மந்தைவெளியில் நமக்கு உறவான இல்லம் ஒன்று உண்டு. அவ்வீட்டு மூத்த மகள், பங்கின் பாடற்குழுவுக்கெனக் கிறிஸ்து பிறப்புப் பாடல்களுக்குப் பின்னணி இசை ஆயத்தம் செய்துகொண்டிருந்தாள். மேசைமீது ஒரு கணிப்பொறி. அதன் அருகே, வெளிநாடு சென்ற சிற்றப்பா விட்டுச் சென்ற பழைய சிந்தசைசர். தாளக் கருவிகளின் ஒலியைக் கணிப்பொறி தரும். வயலின், புல்லாங்குழல் போன்றவற்றின் ஒலியைச் சிந்தசைசர் தரும். இரண்டும் சேர்ந்தொலிக்க வேண்டும். ஆனால் சேரவில்லை. வயலின் ஒலி தாளத்திற்குச் சற்றே பிந்தி வந்துகொண்டிருந்தது.

மூன்று மாலைகள் இதனைக் கேட்ட தந்தையார், மயிலாப்பூர்ச் சபாக்களில் நாற்பது ஆண்டுகள் கச்சேரி கேட்டவர், "உனக்கு லயம் போதாது, அம்மா" என்று கூறிவிட்டார். அருகிலிருந்த நாமும் தலையசைத்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். மகள் எதிர்த்துப் பேசவில்லை. சிந்தசைசருக்கு உறையிட்டு மூடினாள். பாடற்குழுவுக்கு வேறு ஒருவரைப் பார்த்துக்கொள்ளுமாறு தாயிடம் கூறினாள்.

மறு வாரம் அடையாற்றிலிருந்து அவளுடைய அத்தை மகன் வந்தான். ஒலிப்பதிவுக் கூடமொன்றில் பணிபுரிபவன். செய்தியைக் கேட்டதும், "மாமா, இவள் விரல் படாமலேயே இந்தக் கருவி தாளத்தோடு ஒலிக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுவோமே" என்றான்.

சோதனை எளியது. தாளத்தின் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சுரமாகக் கணிப்பொறியே சிந்தசைசருக்கு அனுப்பும்படி எழுதினான். எழும்பிய ஒலியைத் திரும்பக் கணிப்பொறியிலேயே பதிவு செய்தான். திரையில் தட்டு ஒரு கோடாகவும் சுரம் ஒரு மேடாகவும் தெரிந்தன. கோட்டிற்கும் மேட்டிற்கும் இடையே ஏறத்தாழ 30 மில்லி விநாடி இடைவெளி! ஒலி காற்றில் ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லி விநாடி ஆகும். ஆகவே, மேடையில் வயலின்காரரை மட்டும் பத்து மீட்டர் பின்னே அமர்த்திவிட்டுக் கச்சேரி கேட்டதற்கு ஒப்பாகும் இது. தந்தையார் செவி பிழை செய்யவில்லை. பிழை எங்கே என்பதில்தான் தவறினார்.

இந்தத் தாமதம் எங்கிருந்து வந்தது? கணிப்பொறி ஒலியைத் துளித்துளியாக வாங்குவதில்லை; தண்ணீர்க் குடம் நிறையக் காத்திருப்பதுபோல் ஓரளவு சேர்த்தே எடுத்துக்கொள்கிறது. விநாடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும் பதிவில், குடத்தின் அளவு 1,024 மாதிரிகள் என்றிருந்தால் அது நிறையவே 23 மில்லி விநாடி ஆகிவிடும். எஞ்சியது, செய்தி கம்பி வழியே போய்ச் சேர்ந்து, பழைய கருவி அதைப் புரிந்துகொண்டு ஒலிக்கும் நேரம். குடத்தை 128 ஆகக் குறைத்ததும் 23 என்பது 3 ஆயிற்று. மிகவும் குறைத்தாலோ கணிப்பொறி திணறி ஒலி வெடிக்கும். எஞ்சிய தாமதம் ஒவ்வொரு சுரத்திற்கும் ஒரே அளவாக இருந்தமையால், அந்த அளவைக் கணிப்பொறியில் குறித்து, சுரங்களை அவ்வளவு முன்னதாக அனுப்பச் செய்தான்.

ஆயினும் நெருங்கிய பகுதிகளில் தடுமாற்றம் நீங்கவில்லை. இங்கே தாமதம் ஒரே அளவாக இல்லை. கூடியும் குறைந்தும் வந்தது. இத்தகைய நோய்க்கு நேரத்திருத்தம் உதவாது.

கணிப்பொறியும் இசைக் கருவிகளும் பேசிக்கொள்ளும் மொழிக்கு மிடி என்று பெயர். அமெரிக்கரான டேவ் ஸ்மித்தும் ஜப்பானியரான இகுடாரோ ககேஹாஷியும் இதற்கு முன்னோடிகள். 1983 சனவரியில் இருவேறு நிறுவனங்களின் சிந்தசைசர்கள் முதன்முறையாகப் பொதுமேடையில் இம்மொழியால் இணைக்கப்பட்டன. பெரும் சாதனைதான், எனினும் அந்நாளைய பாதை குறுகலானது. விநாடிக்கு 31,250 பிட்டுகளே செல்லும். ஒரு சுரத்தை ஒலிக்கச் செய்ய ஏறத்தாழ ஒரு மில்லி விநாடி பிடிக்கும். செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாகவே செல்ல வேண்டுமாதலால், பத்துச் சுரங்களை ஒருசேர அழுத்தினால் கடைசிச் சுரம் ஏறத்தாழ 10 மில்லி விநாடி பிந்தும். போதாக்குறைக்கு, சுரத்தை வளைக்கும் சக்கரத்தைச் சிறிது அசைத்தாலும் நூற்றுக்கணக்கான செய்திகள் அதே பாதையில் புகுந்துவிடும். தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் பண்டிகைக்கு முந்தைய மாலை நடந்து பார்த்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

நம் மகள் கமகம் வேண்டி அச்சக்கரத்தைத் தாராளமாகப் பயன்படுத்தியிருந்தாள். தேவையற்ற செய்திகளை நீக்கினார்கள். தாளத்திற்கு ஒத்து ஓட வேண்டிய மற்றொரு சிறு கருவியும் அதே கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு ரிச்சி தெருவிலிருந்து தனிக் கம்பியும் இணைப்பியும் வாங்கி வந்தார்கள். சில சுரங்கள் இரட்டித்து ஒலித்தமைக்குக் காரணம் வேறு: விரலால் ஒரு முறையும், கணிப்பொறி சுற்றியனுப்பியதால் மறுமுறையும் கருவி ஒலித்தது. கருவியிலுள்ள ஓர் அமைப்பை அணைத்ததும் அது தீர்ந்தது.

இத்தொல்லைகள் நம் ஊருக்குப் புதியவை அல்ல. இளையராஜா இசையமைத்து 1986-ல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்திலேயே கணிப்பொறிவழி இசைக்கோவை இடம்பெற்றது. பின்னர் ஏ. ஆர். ரகுமான் கோடம்பாக்கத்தில் தம் இல்லத்தை ஒட்டி ஒலிப்பதிவுக் கூடம் அமைத்து, 1992-ல் 'ரோஜா'வைத் தந்தார். வாத்தியக் குழுவினர் நடத்துநரின் கையசைவைப் பார்த்துத் தம்மைத் திருத்திக்கொள்வர். கம்பிக்கு அந்தக் கண் இல்லை. 2020-ல் வந்த மிடி 2.0, செய்தியோடு நேரத்தையும் குறித்தனுப்ப வழி செய்திருக்கிறது. ஆனால் சிற்றப்பாவின் பழங்கருவிக்கு அம்மொழி தெரியாது.

மறுநாள் மாலை மகள் மீண்டும் வாசித்தாள். தந்தையார் தொடையில் தாளம் போட்டபடி இறுதிவரை கேட்டார். பிறகு, "அந்த மூன்றாம் பாடலை இன்னொரு முறை போடு, அம்மா" என்றார். மன்னிப்பு என்ற சொல் அங்கே எழவில்லை. அவர் இயல்பு அது. பாடற்குழுப் பொறுப்பு அவளிடமே இருக்கிறது. சுரங்கள் மிகுந்த இடங்களில் அப்பழைய கருவி இன்னமும் சிறிது தயங்கத்தான் செய்கிறது. அவ்விடங்களில் இரண்டு சுரங்களைக் குறைத்து எழுதிக்கொள்கிறாள்.