இலை பச்சைப் பசேல்னு இருக்கு... பூ மட்டும் வரலையா? கேட்லியா ஆர்க்கிட்டை வீட்டுக்குள் பூக்க வைப்பது எப்படி?

நர்சரியில் வாங்கும்போது உள்ளங்கை அகலத்துக்குப் பூ இருக்கும். வீட்டு ஹாலில் கொண்டுவந்து வைத்த 2 வாரத்தில் அது வாடி விழும். அதன்பிறகு ஒரு வருஷம், 2 வருஷம் ஆனாலும் இலை மட்டும் தளதளவென்று இருக்கும். பூ எட்டிக்கூடப் பார்க்காது. "நம்ம கைராசி அவ்வளவுதான்" என்று சொல்லி செடியை யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். கேட்லியா ஆர்க்கிட் வாங்கிய பல வீடுகளில் இதுதான் கதை.

ஆனால் இது கைராசி விஷயமே இல்லை. பெரும்பாலான வீடுகளில் காரணம் ஒன்றுதான்: வெளிச்சம் போதவில்லை. அதைச் சரிசெய்வது எப்படி, தண்ணீர் எப்போது ஊற்றுவது, மொட்டு வந்தபிறகு எதைச் செய்யக்கூடாது என்பதை இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால்...

• இலை கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் குறைவு. இளம்பச்சைதான் சரியான நிறம்.
• வேர்ப்பகுதி காய்ந்தபிறகுதான் அடுத்த தண்ணீர்.
• தொட்டியில் மண் கூடவே கூடாது.
• ஒரு தண்டு பெரும்பாலும் ஒருமுறைதான் பூக்கும். அடுத்த பூ, புதுத் தண்டில்தான் வரும்.

கேட்லியா எங்கிருந்து வந்தது?

கேட்லியாவின் சொந்த ஊர் மத்திய அமெரிக்காவும் தென் அமெரிக்காவும். இந்த வகையைச் சேர்ந்த ட்ரையானே என்ற ஆர்க்கிட்தான் கொலம்பியாவின் தேசிய மலர். 1818-ல் வில்லியம் ஸ்வைன்சன் என்பவர் பிரேசிலில் இருந்து இங்கிலாந்துக்குச் சில செடிகளை அனுப்பினார். வில்லியம் கேட்லி என்ற வணிகரின் கண்ணாடி வீட்டில் அவற்றில் ஒன்று பூத்தது. தாவரவியலாளர் ஜான் லிண்ட்லி அதற்கு அவர் பெயரையே வைத்தார். அப்படி வந்ததுதான் 'கேட்லியா'.

அந்தக் காலத்தில் இங்கிலாந்துக்குப் போன ஆர்க்கிட்டுகளில் ஏராளமானவை செத்துப்போயின. வெப்பமண்டலக் காடு என்றாலே புழுக்கமும் இருட்டும்தான் என்று நினைத்து, காற்றுப் போகாத சூடான அறையில் அடைத்து வைத்ததே காரணம். 1830-களில் ஜோசப் பாக்ஸ்டன் போன்ற தோட்டக்காரர்கள் காற்றோட்டம் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் நிலைமை மாறியது.

200 வருஷம் கழித்து நம் வீடுகளிலும் நடப்பது கிட்டத்தட்ட அதே தப்புதான். கேட்லியா மண்ணில் வளரும் செடி அல்ல. உயரமான மரக்கிளைகளில் தொற்றிக்கொண்டு வளரும் செடி. மரத்தில் இருந்து அது சத்தை உறிஞ்சுவதில்லை, உட்கார இடம் மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். அங்கே அதற்கு இலைகளுக்கு இடையே வடிகட்டி வரும் நல்ல வெளிச்சம் உண்டு, எந்நேரமும் காற்று உண்டு. மழையில் நனைந்த வேர் சீக்கிரமே காய்ந்துவிடும். இந்த மூன்றையும் வீட்டுக்குள் கொடுக்க முடிந்தால் பூ தானாக வரும்.

இலை பச்சையா இருந்தா நல்லதுதானே?

மற்ற செடிகளுக்குச் சரி, கேட்லியாவுக்கு இல்லை. வெளிச்சம் குறையும்போது, கிடைக்கும் கொஞ்ச ஒளியையும் பிடித்துக்கொள்ள இலை பச்சையத்தை அதிகமாக்கும். அதனால்தான் கரும்பச்சை. செடி உயிரோடு இருக்கும், வளரவும் செய்யும். ஆனால் பூ என்பது அதற்குப் பெரிய செலவு. அந்தச் செலவுக்குத் தேவையான சேமிப்பு அதன் கையில் இருக்காது.

லேசாக மஞ்சள் கலந்த இளம்பச்சை நிறமும், யாரும் முட்டுக்கொடுக்காமல் நிமிர்ந்து நிற்கும் தண்டும்தான் சரியான அடையாளம். முழு மஞ்சளாக மாறினாலோ, கறுப்புத் திட்டு விழுந்தாலோ வெயில் அதிகம் என்று அர்த்தம்.

எண்ணிக்கையில் சொன்னால், கேட்லியாவுக்கு சுமார் 20,000 முதல் 30,000 லக்ஸ் வெளிச்சம் வேண்டும். டியூப் லைட் எரியும் ஹாலில் கிடைப்பது சில நூறு லக்ஸ்தான். நம் கண் இருட்டுக்குப் பழகிக்கொள்வதால் இந்த வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை. போனில் லக்ஸ் மீட்டர் செயலி போட்டு அளந்து பார்த்தால் துல்லியமாக இல்லாவிட்டாலும் ஓரளவு புரிந்துவிடும்.

செயலி இல்லையா? இலைக்கு ஒரு அடி மேலே கையை நீட்டிப் பாருங்கள். விரல்கள் அடையாளம் தெரிகிற மாதிரி, ஓரம் மட்டும் லேசாகக் கலங்கிய நிழல் விழுந்தால் சரியான இடம். நிழலே விழவில்லை என்றால் அங்கே பூ வராது.

எந்த ஜன்னல் சரி?

கிழக்கு: முதல் சாய்ஸ் இதுதான். காலை 9, 9.30 வரை வரும் வெயில் இலையைச் சுடாது.

தெற்கு: செப்டம்பர் முதல் மார்ச் வரை நன்றாக இருக்கும். ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சென்னையில் நண்பகல் சூரியன் தலைக்கு மேலே வடக்குப் பக்கம் சாய்ந்து போவதால், அந்த மாதங்களில் தெற்கு ஜன்னலுக்கு நேரடி வெயில் வராது. அப்போது செடியை இடம் மாற்றுவது நல்லது.

மேற்கு: பிற்பகல் வெயில் கடுமை. மெல்லிய வெள்ளைத் திரை போட்டால் சமாளிக்கலாம். இலையைத் தொட்டுப் பாருங்கள், கை பொறுக்காத சூடு இருந்தால் உடனே தள்ளி வையுங்கள்.

வடக்கு: வருஷத்தின் பெரும்பகுதிக்குப் போதாது.

இங்கே பலர் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிய கறுப்பு ஃபிலிம், கொசுவலை, எதிர் பிளாட்டின் சுவர் எல்லாமே வெளிச்சத்தைத் தின்றுவிடும். ஜன்னலில் இருந்து 4 அடி உள்ளே தள்ளி வைத்தாலே வெளிச்சம் பல மடங்கு குறைந்துவிடும். வேறு வழியே இல்லாத வீட்டில், செடி வளர்ப்புக்கென விற்கும் வெள்ளை எல்.இ.டி. விளக்கை தினமும் 12 மணி நேரம் எரியவிடலாம்.

இன்னொரு எச்சரிக்கை. இத்தனை நாள் நிழலில் இருந்த செடியை ஒரே நாளில் வெயிலுக்குத் தூக்கிப் போகாதீர்கள். இலை வெந்துவிடும். 2, 3 வாரம் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள்.

தண்ணீர்: தினமும் ஊற்றலாமா?

வேண்டவே வேண்டாம். கேட்லியாவின் பருத்த தண்டுதான் அதன் வாட்டர் டேங்க். நாம் ஊற்ற மறந்தாலும் சில நாள் தாக்குப்பிடிக்கும். ஆனால் வேர் எப்போதும் ஈரத்தில் இருந்தால் அழுகிவிடும். அழுகிய வேரால் தண்ணீர் எடுக்க முடியாததால் தண்டு சுருங்கும். அதைப் பார்த்து தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம், செடி போய்விடும். செடியை விட்டு விலகிப் போகும் வழிகளில் இதுதான் ரொம்ப சகஜம்.

ஒரு மூங்கில் குச்சியைத் தொட்டிக்குள் செருகி 10 நிமிஷம் கழித்து எடுத்துப் பாருங்கள். ஈரம் ஒட்டியிருந்தால் இன்று தண்ணீர் வேண்டாம். வேரும் ஒரு க்ளூ கொடுக்கும்: காய்ந்தால் வெள்ளை, நனைந்தால் பச்சை. கோடையில் 2, 3 நாளுக்கு ஒருமுறை தேவைப்படலாம், மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையே போதும். காலண்டரைப் பார்த்து ஊற்றாதீர்கள், தொட்டியைப் பார்த்து ஊற்றுங்கள். ஊற்றும்போது அடியில் வழிகிற வரை ஊற்றுங்கள், காலையிலேயே ஊற்றுங்கள்.

ஆர்.ஓ. மெஷினில் இருந்து வெளியேறும் கழிவு நீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றுபவர்கள் நிறையப் பேர். கேட்லியாவுக்கு மட்டும் அது வேண்டாம். உப்பு எல்லாம் அந்தத் தண்ணீரில்தான் சேர்ந்திருக்கும், வேர் நுனி கருகிவிடும். மழைநீர்தான் பெஸ்ட். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் ஆர்.ஓ. நல்ல தண்ணீரையே கொடுங்கள்.

தொட்டியில் என்ன போடணும்?

மண், மண்புழு உரம், எரு எதுவுமே வேண்டாம். வேருக்குக் காற்று கிடைக்காமல் மூச்சு முட்டும். அடுப்புக்கரித் துண்டு, உடைத்த ஓட்டுச் சில்லு, பைன் மரப்பட்டை, தேங்காய் மட்டைத் துண்டு ஆகியவற்றில் கிடைப்பதைக் கலந்து போடலாம். தேங்காய் மட்டையை மட்டும் சில நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி அலசிய பிறகு பயன்படுத்துங்கள். பக்கவாட்டிலும் ஓட்டை உள்ள மண் தொட்டி நம் ஊர் புழுக்கத்துக்கு நன்றாகப் பொருந்தும்.

2, 3 வருஷத்துக்கு ஒருமுறை தொட்டி மாற்ற வேண்டும். புதுத் தண்டின் அடியில் பச்சை நுனியோடு புது வேர் எட்டிப்பார்க்கும் நேரம்தான் அதற்குச் சரியானது. செடியைப் பிரிப்பதாக இருந்தால் ஒவ்வொரு பாகத்திலும் குறைந்தது 3, 4 தண்டு இருக்கட்டும். பூத்து முடிந்த பழைய தண்டை வெட்டிப் போடாதீர்கள். அது மறுபடி பூக்காவிட்டாலும், புதுத் தண்டுக்குச் சாப்பாடு போடுவது அதுதான்.

உரம்?

புதுத் தண்டு வளரும் மாதங்களில், கடைகளில் கிடைக்கும் 19:19:19 நீரில் கரையும் உரம் போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு அரை கிராம் அளவில், 10 நாளுக்கு ஒருமுறை. முதலில் வெறும் தண்ணீரில் வேரை நனைத்துவிட்டு அப்புறம் உரம். மாதம் ஒருமுறை வெறும் தண்ணீரை நிறைய ஊற்றி, படிந்த உப்பைக் கழுவிவிடுங்கள். 'பூக்க வைக்கும் டானிக்' எதுவும் வெளிச்சத்துக்கு மாற்று ஆகாது.

ராத்திரியில் என்ன நடக்கிறது?

கேட்லியாவில் சில வகைகள் பூப்பதற்குப் பகலின் நீளத்தைக் கணக்குப் பார்க்கும். லேபியாட்டா அப்படிப்பட்டது. பகல் குறைந்து இரவு நீளும்போதுதான் அது மொட்டு வைக்கும். அமெரிக்காவில் கேட்லியாவை வெட்டுப்பூவாக வளர்த்தவர்கள், விற்பனை நாளுக்கு ஏற்பப் பூவைத் தள்ளிப்போட இரவில் விளக்கு எரியவிட்ட வழக்கமும் உண்டு.

நம் வீட்டு ஹாலில் டிவியும் லைட்டும் ராத்திரி 12 மணி வரை எரிகிறது. வெளிச்சம், தண்ணீர் எல்லாம் சரியாக இருந்தும் பூக்கவில்லை என்றால், மாலைக்குப் பிறகு இருட்டாக இருக்கும் அறைக்குச் செடியை மாற்றிப் பாருங்கள்.

பகலைவிட இரவு குளிர்ச்சியாக இருப்பதும் முக்கியம். பழைய வகைகள் பல 13 முதல் 16 டிகிரி வரையிலான இரவுக் குளிரை விரும்பும். ஊட்டி, கொடைக்கானலில் குளிருக்குக் குறைவில்லை. சென்னையில் டிசம்பர், ஜனவரி இரவுகளிலேயே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். எனவே சமவெளியில் இருப்பவர்கள் வெப்பம் தாங்கும் கலப்பின வகையைக் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம். இரவில் ஜன்னலைத் திறந்து வைத்தாலே கொஞ்சம் பலன் உண்டு. ஏ.சி. காற்று நேராகப் படும் இடம் மட்டும் வேண்டாம்.

உறை வந்தாச்சு... அடுத்து?

புது இலையின் அடியில் பச்சைக் கத்தி உறை மாதிரி ஒன்று தெரிந்தால் நல்ல செய்தி. அதற்குள்தான் மொட்டு உருவாகும். வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தால் உள்ளே நிழலாகத் தெரியும். சில வகைகளில் உறை காய்ந்து பழுப்பான பிறகும் பூ வரும் என்பதால் அவசரப்பட்டு வெட்டாதீர்கள்.

இந்த நேரத்தில் செய்யக்கூடாதவை:

• உறைக்குள் தண்ணீர் தேங்க விடாதீர்கள், மொட்டு அழுகும்.
• செடியை அடிக்கடி இடம் மாற்றாதீர்கள், திருப்பாதீர்கள்.
• பழுத்த வாழைப்பழம், மாம்பழம் பக்கத்தில் வைக்காதீர்கள். பழம் பழுக்கும்போது வெளியேறும் எத்திலீன் வாயு கேட்லியா மொட்டைக் கருக்கிவிடும்.
• சாம்பிராணி, ஊதுபத்திப் புகையிலும் எத்திலீன் இருக்கும். பூஜை அறைப் பக்கம் வேண்டாம்.

வாங்கும்போது ஏமாறாமல் இருக்க...

"ஆர்க்கிட் விதை, 100 எண்ணம்" என்று ஆன்லைனில் வருவதை நம்பாதீர்கள். ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும். முளைக்கத் தேவையான உணவு அதற்குள் இருக்காது. காட்டில் ஒரு பூஞ்சை உதவி செய்கிறது. பூஞ்சை இல்லாமல் சர்க்கரை கலந்த ஊடகத்திலேயே முளைக்க வைக்கலாம் என்று 1922-ல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன் காட்டினார். இன்றும் அது ஆய்வகக் குடுவையில் நடக்கும் வேலைதான். வீட்டுத் தொட்டியில் தூவினால் காசுதான் போகும்.

அப்படிக் குடுவையில் முளைத்த நாற்று பூக்கவே 5 வருஷத்துக்கு மேல் ஆகலாம். எனவே விலை கொஞ்சம் கூடினாலும் பூக்கும் வயது வந்த செடியையே வாங்குங்கள். ஏற்கெனவே பூத்த அடையாளம், 4, 5 தண்டு, உறுதியான வேர் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டுப் பயணத்தில் பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவரும் எண்ணமும் வேண்டாம். ஆர்க்கிட்டுகள் அனைத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் இருப்பதால் முறையான ஆவணம் தேவை.

எவ்வளவு நாள் காத்திருக்கணும்?

இன்று இடத்தை மாற்றினால் அடுத்த வாரமே பூக்காது. ஏற்கெனவே வளர்ந்து முடிந்த தண்டு பெரும்பாலும் இனிப் பூக்காது. அடுத்து வரும் புதுத் தண்டு நல்ல வெளிச்சத்தில் வளர்ந்து முற்ற வேண்டும். அதற்குப் பல மாதம் ஆகும். பழைய தண்டைவிடப் புதுத் தண்டு பருமனாக வருகிறதா என்று பாருங்கள். பருமனாக வந்தால் நீங்கள் சரியான பாதையில் இருக்கிறீர்கள். மெலிந்து வந்தால் இன்னும் வெளிச்சம் பற்றவில்லை.

அதனால் பூக்கவில்லை என்று செடியை வெளியே கொடுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். நாளை காலை 8 மணிக்கு உங்கள் வீட்டில் எந்த ஜன்னலில் வெயில் விழுகிறது என்று பாருங்கள். தொட்டியின் இடம் அதுதான்.