கழுத்தைத் தொட்டறியும் கலை

நானுஓயாவைச் சூழ்ந்த மலைகளிற் கொழுந்து பறிக்கும் அன்னையரின் கழுத்து, நம் கல்லூரி மாணவர் பலருடைய கல்விச் செலவையும் சேர்த்தே சுமந்து வந்துள்ளது. கூடைக்குப் பதிலாகப் பையும் சாக்கும் பல தோட்டங்களிற் புகுந்துவிட்ட போதிலும், சுமையின் பட்டை இன்றும் பெரும்பாலும் தலையிலேதான் பதிகின்றது. பின்னே இழுக்கும் பாரத்தை ஈடுசெய்யக் கழுத்து முன்னே குனிகின்றது. பிடரித் தசைகள் நாள் முழுதும் இறுகி நிற்கின்றன. மாலையில் வலி வந்தால், லயத்தில் எண்ணெய் தடவி உருவுவர். சிலர் தலையை வெடுக்கெனத் திருப்பிச் சொடக்கும் எடுப்பர். முன்னது பெரும்பாலும் தீங்கற்றது, பின்னது ஆபத்தானது. ஏன் என்பதை அறிய, இயன் மருத்துவர் கழுத்தை எவ்வாறு சோதிக்கின்றார் என்பதை அறிதல் வேண்டும்.

கழுத்தில் ஏழு எலும்புக் கணுக்கள் உள. அவற்றிடையே எட்டுச் சோடி நரம்புகள் புறப்படுகின்றன. மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் இரு நாளங்கள் மேலுள்ள ஆறு கணுக்களின் துளைகளினூடே ஏறுகின்றன. தலையைப் பக்கவாட்டில் திருப்பும் அசைவிற் பாதியளவு முதலிரு கணுக்களிடையே நிகழ்வது. இத்துணை நுண்ணிய உறுப்பை வெடுக்கெனத் திருகுமிடத்து, அரிதாகவேனும் நாளத்தின் உட்சுவர் கிழிந்து பாரிசவாதம் நேரலாம்.

ஆதலின், தேர்ந்த இயன் மருத்துவர் முதலிற் கைவைப்பதில்லை, வினவுகின்றார். நோவு எப்போது தொடங்கிற்று? காய்ச்சல், உடல் மெலிவு, இரவில் ஓயாத வலி உண்டா? நடை தள்ளாடுகின்றதா? சிறுநீர் அடக்க முடியாமற் போகின்றதா? பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை உண்டா? இவற்றுள் ஒன்றிருப்பினும் வைத்தியரிடம் உடனே அனுப்புவார். 2001ஆம் ஆண்டிற் கனடா மருத்துவர் வகுத்த விதியின்படி, அடிபட்டுக் கழுத்து நோவுடன் வருபவர் 65 வயதை எய்தியவராயினும், மூன்றடி உயரத்திலிருந்து விழுந்தவராயினும், கை கால் விறுவிறுப்பு உடையவராயினும், கழுத்தைத் திருப்பிப் பார்க்குமுன் எக்ஸ்ரே எடுத்தல் வேண்டும். சறுக்கும் மலைப்பாதையிற் சுமையுடன் விழுவோர் உள்ள நம்மிடத்தில் இவ்விதி நினைவிலிருத்தற்குரியது.

அடுத்து, நோயாளர் தாமே தலையைக் குனிந்தும் நிமிர்ந்தும் திருப்பியும் காட்டுவார். அதன் பின்னரே கை வேலை செய்யும். பிடரியின் அடியிற் புடைத்து நிற்கும் ஏழாங் கணுவை அடையாளமாகக் கொண்டு, பெருவிரல்களால் ஒவ்வொரு கணுவையும் மெல்ல அழுத்தி, எங்கே இறுக்கம், எங்கே நோவு என ஆராய்வார். தலையை நோவுள்ள பக்கம் சாய்த்து மேலிருந்து மெதுவாக அழுத்துகையில் வலி கைக்குப் பாயுமாயின் நரம்பு வேர் நெருக்குண்டிருக்கலாம். தலையைச் சற்றே மேலே தூக்கியதும் வலி தணியுமாயின் அவ்வையம் வலுக்கும். பெருவிரல், நடுவிரல், சிறுவிரல் ஆகியவற்றின் உணர்வையும் தனித்தனியே சோதிப்பார். ஒவ்வொன்றும் பெரும்பாலும் வெவ்வேறு நரம்பைச் சுட்டும்.

தொட்டறிதல் நமக்குப் புதிதன்று. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வுகளுட் பரிசமும் ஒன்று. மேனாட்டில் இதனை முறைப்படுத்தியவருள் ஆஸ்திரேலியரான மெயிற்லண்ட் முதன்மையானவர். அவர் நூல் 1964இல் வெளிவந்தது. ஆயினும் கை சொல்வதெல்லாம் உண்மையா? 1988இல் அந்நாட்டில் 20 நோயாளரிடம் நடத்திய ஆய்விற் கையின் முடிவும் ஊசி மூலம் நரம்பை மரக்கச்செய்து கண்ட முடிவும் முற்றும் ஒத்தன. 2007இல் மேலும் பலரிடம் நடந்த ஆய்வோ, நோவில்லாத மூட்டையும் நோவுடையதெனக் கை பலகாற் பிழையாகச் சுட்டுவதைக் காட்டிற்று. எனவே கை நல்ல சாட்சி. அதுவே நீதிபதி அன்று. வினாவும் பார்வையும் பிற சோதனைகளும் ஒருங்கு கூடியே தீர்ப்பு அமைதல் வேண்டும்.

மாணவர்காள்! உங்கள் அன்னையர் கழுத்து நோவைப் பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒருநாட் பேர் போய்விடுமே என அஞ்சி மறுநாளும் மலைக்கு ஏறுவர். நீங்களே கேளுங்கள். கை மரத்தாலோ நடை தளர்ந்தாலோ தாமதியாது அரசினர் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். வெடுக்கெனத் திருப்ப வருபவர் கையைத் தடுங்கள். கற்ற கல்வியை உங்களுக்காகச் சுமந்த கழுத்துக்குத் திருப்பிச் செலுத்தும் கடன் அதுவே.